மதுச்சாடியிற் பிறந்த விஞ்ஞானம்

விஞ்ஞானத்தின் வரலாறு நெடுங்காலமாக மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஓர் அறிஞர் சிந்தித்தார். ஓர் உண்மை வெளிப்பட்டது. உலகம் அதனை ஏற்றுக்கொண்டது என்ற முறையிலேயே பாடநூல்கள் பேசுகின்றன. ஆனால், ஆய்வுகூடம் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தொழிற்கூடம் தோன்றிவிட்டது என்பதையும், கை அறிந்தவற்றையே கருத்துப் பின்னர் அறிய முற்பட்டது என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. இவ்வுண்மைக்கு மதுவத்தின் வரலாற்றைவிடச் சிறந்த சான்று காண்பதரிது.

மதுவம் தனிக்கல உயிர். அதன் விட்டம் ஒரு மில்லிமீற்றரின் இருநூறில் ஒரு பங்களவே. பாண் சுடுபவரின் மாவிலும் மது வடிப்பவரின் சாடியிலும் மனிதனுக்கு ஊழியஞ் செய்து வந்த இச்சிற்றுயிரே, உயிரியலின் மிகப் பெரிய கேள்விகளுள் ஒன்றுக்கு விடை தந்தது. ஒரு கலம் எவ்வளவு உண்ண வேண்டும், எவ்வளவு வளர வேண்டும், எப்பொழுது இரண்டாகப் பிரிய வேண்டும் என்பதை எது தீர்மானிக்கின்றது? புற்றுநோய் என்பது இத்தீர்மானம் பிழைத்துப்போன நிலையே என்பதை உணர்வோர், இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று என்பதையும் உணர்வர்.

பெயரற்றோரின் அறிவு

எகிப்தின் பண்டைக் கல்லறைகளிற் கிடைத்த மரச்சிற்பங்களிற் பாண் சுடுவோரும் பியர் வடிப்போரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்வதைக் காண்கின்றோம். ஒரு தொழிலின் மண்டி மற்றத் தொழிலின் புளிப்பாக அமைந்தது. நம் நாட்டிலும் இவ்வறிவு இருந்தது. பனையிற் கட்டும் முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசினால் இனிய கருப்பநீர் கிடைக்கும். பூசாது விட்டால் அதே பாளையின் நீர் சில மணித்தியாலங்களிற் கள்ளாகப் பொங்கும். அக்கள்ளிற் சிறிதளவை மாவிற் கலந்தால் அப்பம் மெதுமெதுப்பாக எழும்பும். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிரை வேண்டும்போது இயக்கவும், வேண்டாதபோது அடக்கவும் மரமேறும் தொழிலாளி அறிந்திருந்தான். ஆனால் அவனது அறிவை அறிவென்று எவரும் ஏட்டில் எழுதவில்லை. அவன் தந்ததைப் பருகிய சமூகம் அவனை ஊரின் ஓரத்தில் நிறுத்திற்று.

ஐரோப்பாவிலும் நிலைமை முற்றிலும் வேறாக இருக்கவில்லை. வடிசாலைத் தொழிலாளர் நல்ல மண்டியைப் பேணி, ஒரு தொட்டியிலிருந்து மறு தொட்டிக்கு மாற்றி வந்தனர். அம்மண்டி யாது என்று கற்றோர் வினவத் தொடங்கியது மிகப் பிந்தியே. ஒல்லாந்தின் டெல்ப்ற் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே தேய்த்த வில்லையின் மூலம் 1680 இற் பியர்த் துளியொன்றை நோக்கி, அதில் உருண்டை வடிவான துணிக்கைகள் இருப்பதைக் கண்டார். அவை உயிருள்ளவை என்று அவர் கருதவில்லை. பிரெஞ்சு அறிஞர் லவோசியே, 1789 இல் வெளிவந்த தமது இரசாயன நூலில், வெல்லம் அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாறுவதைத் தராசின் துணைகொண்டு கணக்கிட்டார். கணக்கு ஏறத்தாழச் சரியாகவே அமைந்தது. ஆனால் மாற்றத்தைச் செய்த உயிருக்கு அக்கணக்கில் இடமிருக்கவில்லை.

உயிரா, இரசாயனமா?

1837 ஆம் ஆண்டளவில் மூவர், ஒருவரையொருவர் சாராது, மதுவம் உயிருள்ளதென அறிவித்தனர். பிரான்சிற் கான்யார் த லத்தூர், ஜேர்மனியிற் தியோடர் ஷ்வான், பிரெடெரிக் கூட்ஸிங் ஆகியோரே அம்மூவர். மதுவக்கலத்தின் பக்கத்தில் ஓர் அரும்பு தோன்றி, வளர்ந்து, தனிக்கலமாகப் பிரிவதை லத்தூர் நுணுக்குக்காட்டியின் வழியே கண்டார்.

கற்றோர் உலகம் இதனை எவ்வாறு வரவேற்றது? 1839 இல், அக்கால இரசாயனத்தின் பேரரசராக விளங்கிய லீபிக் நடத்திய சஞ்சிகையில், பெயர் குறிப்பிடாத கட்டுரையொன்று வெளிவந்தது. அதனை எழுதியவர் அவருடைய நண்பர் வோலர். மதுவம் ஒரு சிறு விலங்கு. அது வெல்லத்தை விழுங்கி, குதத்தின் வழியே அற்ககோலையும் சிறுநீர்ப்பையின் வழியே வாயுவையும் வெளிவிடுகின்றது. அப்பையின் வடிவமோ சம்பேன் போத்தலை ஒத்தது என்று அக்கட்டுரை எள்ளி நகையாடிற்று. இந்த ஏளனத்தின் பின்னால் ஒரு நியாயமான அச்சமும் இருந்தது. உடலின் செயல்களுக்கு விளக்கம் கூறமுடியாத இடமெல்லாம் ‘உயிர்ச்சத்தி’ என்ற மாயச் சொல்லைப் பயன்படுத்துவதை இரசாயனவியலார் அப்பொழுதுதான் எதிர்த்து வென்றுகொண்டிருந்தனர். மதுவத்தை உயிரென ஒப்புக்கொண்டால் அம்மாயம் மீண்டும் வாயில் வழியே நுழைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர்.

இத்தகராறு தொழிற்கூடத்திலேயே திருப்பங் கண்டது. 1856 இல், லீல் நகரின் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் தலைவராயிருந்த லூயி பாஸ்டரிடம், பீற்றூட்டிலிருந்து அற்ககோல் வடிக்கும் முதலாளி ஒருவர் தம் தொட்டிகள் கெட்டுப்போவதாக முறையிட்டார். தொட்டிகளை ஆராய்ந்த பாஸ்டர், அடுத்த சில ஆண்டுகளில் நொதித்தல் உயிர்களின் தொழிலே என்பதை நிறுவினார். அதனினும் நமக்கு முக்கியமானது 1861 இல் அவர் கூறிய செய்தியாகும். காற்றோட்டமுள்ள இடத்தில் மதுவம் குறைந்த வெல்லத்தை உண்டு செழித்து வளர்கின்றது. காற்றில்லாத இடத்திலோ, அதேயளவு வளர்வதற்குப் பன்மடங்கு வெல்லத்தைச் செலவிட்டு, அதனை அற்ககோலாக்குகின்றது. அதாவது, உண்ணும் முறையும் வளரும் அளவும் தனித்தனிச் செய்திகளல்ல. சூழல் மாறும்போது இரண்டும் ஒருங்கே மாறுகின்றன. கலத்தின் அனுசேபத்தையும் வளர்ச்சியையும் இணைக்கும் கயிற்றின் முதல் முனை இவ்வாறே மனிதன் கைக்கு எட்டிற்று.

கொப்பன்ஹேகனில், வடிசாலை அதிபர் யாக்கோப்சன் 1875 இற் கார்ல்ஸ்பேர்க் ஆய்வுகூடத்தை நிறுவினார். அங்கு பணியாற்றிய எமில் கிறிஸ்டியன் ஹன்சன், இளமையில் வீடுகளுக்கு வர்ணம் பூசும் தொழிலாளியாக உழைத்தவர். பியர் கசந்துபோவதற்குக் காட்டு மதுவங்கள் கலந்துவிடுவதே காரணமெனக் கண்ட அவர், ஒரேயொரு கலத்திலிருந்து பெருகிய தூய மதுவத்தை 1883 இல் உற்பத்திக்குக் கொண்டுவந்தார். யாக்கோப்சன் அதனைப் பூட்டி வைக்கவில்லை. கேட்ட வடிசாலைகளுக்கெல்லாம் விலையின்றி வழங்கினார். ஒரு முதலாளியின் தயவை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. எனினும், அச்செயலின் பயன் கவனிக்கற்பாலது. தூய மதுவம் எங்கும் கிடைத்ததனால், ஒரு நாட்டில் நடந்த பரிசோதனையை மறு நாட்டில் திரும்பச் செய்து பார்க்கும் வாய்ப்பு உண்டாயிற்று. பின்னாளில், 1935 இல், அதே ஆய்வுகூடத்து விங்கே என்பார் மதுவத்துக்கும் பாலினச் சேர்க்கையுண்டு என்று காட்டவே, மதுவத்தின் பரம்பரையியல் பிறந்தது.

1897 இல் எடுவார்ட் புக்னர், மதுவத்தை மணலுடன் அரைத்து, பெரும் அழுத்தத்திற் பிழிந்தெடுத்த சாறு, உயிருள்ள கலம் ஒன்றுமின்றியே வெல்லத்தை நொதிக்கச் செய்வதைக் கண்டார். இதற்காக 1907 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாஸ்டர் கூறியதும் உண்மை. லீபிக் எதிர்பார்த்ததும் உண்மை. நொதித்தல் உயிரின் தொழிலே. ஆனால் அதனைச் செய்வது உயிர்ச்சத்தியன்று, கலத்தினுள் இருக்கும் நொதியங்களே. முரண்பட்ட இரு கருத்துகளும் உயர்ந்ததொரு நிலையில் இணைந்தன. 1906 இல் இலண்டனில் ஆர்தர் ஹார்டனும் யங்கும், இச்சாற்றில் நடைபெறும் மாற்றத்திற்குப் பொசுபேற்று இன்றியமையாதது என்றனர். இந்தப் பொசுபேற்றை வாசகர் நினைவில் இருத்துவாராக; இதனைப் பின்னர் வேறோர் இடத்திற் சந்திப்போம்.

அறிவு வளர்ந்த அக்காலமே முதலாம் உலகப் போரின் காலமுமாயிற்று. வெடிமருந்துக்கு வேண்டிய கிளிசரினைக் கொழுப்பிலிருந்து பெறமுடியாது தவித்த ஜேர்மனி, மதுவத்தின் அனுசேபத்தைத் திசைதிருப்பி, வெல்லத்திலிருந்து கிளிசரினை உற்பத்தி செய்தது. நொதியத்தைக் கண்ட புக்னரோ உருமேனியப் போர்முனையிற் காயமுற்று, 1917 இல் மாண்டார். பாண் தந்த உயிரைக்கொண்டே குண்டு செய்யத் துணிந்த நூற்றாண்டு அது.

வளர்ச்சியும் பிரிவும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வெல்லம் எத்தனை படிகளில் உடைகின்றது, ஒவ்வொரு படியையும் எந்த நொதியம் நடத்துகின்றது என்பன தெளிவாகிவிட்டன. ஆனால், உறுப்புகளின் பட்டியல் முழுமையின் ஒழுங்கை விளக்கிவிடாது. கலம் ஒன்று வளர்வதிலும் வேகமாகப் பிரிந்துகொண்டே போனால், தலைமுறைக்குத் தலைமுறை சிறுத்து ஈற்றில் அழியும். பிரிவதிலும் வேகமாக வளர்ந்தாலோ வீங்கிப் பயனற்றுப்போம். ஆயினும், மதுவக்கலங்கள் எண்ணிறந்த தலைமுறைகளாகத் தம் பருமனைக் காத்து வருகின்றன. உணவு மிகுந்த இடத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரிகின்றன. உணவு குறைந்தால் தாமதிக்கின்றன. இல்லையெனில் நின்று காத்திருக்கின்றன. இந்த ஒழுங்கை யார் நடத்துகின்றனர்?

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் லீலண்ட் ஹார்ட்வெல் இக்கேள்வியை மதுவத்திடமே கேட்டார். மதுவக்கலத்தின் அரும்பு சிறிதாயின் அது பிரிவின் முற்பகுதியில் உள்ளது. பெரிதாயின் பிற்பகுதியில் உள்ளது. வடிவத்தைப் பார்த்தே காலத்தைச் சொல்லக்கூடிய மணிக்கூடு அது. 23 பாகை வெப்பத்தில் ஒழுங்காக வாழ்ந்து, 36 பாகையிற் பிரிவு தடைப்படும் விகாரிகளை அவர் தேடினார். 1970 தொடக்கம் அவரும் அவருடைய மாணவரும் வெளியிட்ட கட்டுரைகள், கலப்பிரிவின் வெவ்வேறு படிகளை நடத்தும் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அடையாளங் காட்டின. அவற்றுள் 28 என்ற இலக்கம் பெற்றது பழுதானால், கலம் அரும்பவே தொடங்குவதில்லை. அந்த இடத்துக்கு அவர் ‘தொடக்கம்’ என்று பெயரிட்டார். தொடக்கத்தைத் தாண்டாத கலம் பட்டினியில் நின்றுவிடும். தாண்டிய கலமோ, உணவு அற்றுப்போயினும், எடுத்த பிரிவை முடித்த பின்னரே ஓயும்.

1977 இல் ஜோன்ஸ்டன், பிரிங்கிள், ஹார்ட்வெல் ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை இவ்வரலாற்றில் ஒரு மைல்கல். பிரிவைத் தடுத்தாலும் கலம் வளர்ந்துகொண்டே போகின்றது. ஆனால் வளர்ச்சியைத் தடுத்தால் புதிய பிரிவு தொடங்குவதில்லை. ஆகவே, வளர்ச்சி முன்செல்கின்றது. பிரிவு அதனைப் பின்தொடர்கின்றது. மதுவத்தில் மகட்கலம் தாய்க்கலத்திலும் சிறிதாகவே பிறக்கின்றது. ஆதலால், உரிய பருமனை எட்டும்வரை அது நெடுநேரம் காத்திருக்கின்றது. சிறுகச் சிறுகச் சேரும் அளவு, குறித்ததோர் எல்லையை எட்டியதும் பண்பு மாற்றமாக வெடிக்கின்றது. இதனைத் தத்துவ நூல்களிற் படித்தோர், ஒரு கலத்தின் வாழ்விலேயே கண்ணாற் காணலாம்.

அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில், வேறொரு மதுவம் இக்கதையிற் புகுந்தது. 1893 இற் கிழக்கு ஆபிரிக்காவின் தினை மதுவிலிருந்து லிண்ட்னர் என்ற ஜேர்மானியர் அதனைப் பிரித்தெடுத்தார். சுவாகிலி மொழியிற் பியரைக் குறிக்கும் ‘பொம்பே’ என்ற சொல்லே அதன் பெயராயிற்று. அந்த மதுவை வடித்த ஆபிரிக்கத் தொழிலாளரின் பெயர் எதுவும் எஞ்சவில்லை. மொழியின் ஒரு சொல் மட்டும் எஞ்சிற்று. இம்மதுவம் அரும்புவதில்லை; கோல்போல் நீண்டு, நடுவிற் பிளவுபடுகின்றது. நீளத்தை அளந்தால் வயதை அறியலாம். எடின்பரோவில் மேர்டொக் மிச்சிசன் 1950 களிலிருந்து இதனை ஆராய்ந்து வந்தார்.

அவருடைய ஆய்வுகூடத்திற் சேர்ந்த போல் நேர்ஸ் உழைப்பாளர் குடும்பத்தில் வளர்ந்தவர். பிரெஞ்சு மொழிப் பரீட்சையிற் பன்முறை தவறியதனாற் பல்கலைக்கழகம் புக முடியாது, வடிசாலை ஒன்றைச் சேர்ந்த ஆய்வுகூடத்திற் சிறிது காலம் உதவியாளராக வேலை செய்தவர். 1975 இல், இயல்பான பருமனில் ஏறத்தாழ அரைவாசியிலேயே பிரிந்துவிடும் குள்ள விகாரிகளைப்பற்றி அவர் எழுதினார். ஸ்கொத்லாந்துப் பேச்சிற் ‘சின்ன’ என்று பொருள்படும் ‘வீ’ என்ற சொல்லையே அவற்றுக்குப் பெயராக இட்டார். ஓர் இயந்திரத்தின் எந்தப் பகுதியை உடைத்தாலும் அது தாமதிக்கும். ஆனால் உடைத்ததும் விரைந்தோடுமாயின், உடைந்த பகுதி தடுப்பாகவே இருந்திருக்க வேண்டும். ‘வீ’ என்பது தடுப்பு. அது தடுத்து வைப்பதோ பிரிவை உந்தும் மற்றொரு புரதத்தை. அப்புரதத்தின்மீது ஒரு பொசுபேற்றை ஏற்றியே ‘வீ’ அதனை அடக்குகின்றது. ஹார்டன் மதுவச்சாற்றிற் கண்ட அதே பொசுபேற்று, அனுசேபத்தின் நாணயமாக மட்டுமன்றி, பிரிவின் பூட்டாகவும் இங்கே பயன்படுகின்றது.

1982 இல் வியப்பானதோர் உண்மை வெளியாயிற்று. நேர்ஸ் கண்ட உந்தும் பரம்பரையலகும், ஹார்ட்வெல்லின் 28 ஆம் பரம்பரையலகும் ஒன்றின் வேலையை மற்றது செய்ய வல்லன. 1987 இல் மெலனி லீயும் நேர்ஸும் மனிதனின் பரம்பரையலகுகளை, உந்தும் பகுதி பழுதுற்ற மதுவத்தினுட் செலுத்தினர். அவற்றுள் ஒன்று மதுவத்தைப் பிழைக்க வைத்தது. நூறு கோடி ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிந்து வாழ்ந்த இரு உயிர்களிடையே, பிரிவின் திறவுகோல் மாறவேயில்லை. கடல் முள்ளெலியின் முட்டையில், பிரிவுதோறும் சேர்ந்து அழியும் புரதத்தைக் கண்ட ரிம் ஹன்ற்றுடன் இவ்விருவரும் 2001 இல் நோபல் பரிசைப் பகிர்ந்தனர்.

பசியும் நிறைவும்

உணவின் நிலைமை கலத்துக்கு எவ்வாறு தெரிகின்றது? 1964 இற் கனடாவிலிருந்து சென்ற மருத்துவக் குழுவொன்று பசிபிக் சமுத்திரத்து ராப்பா நூயித் தீவிலிருந்து மண் மாதிரிகளைக் கொண்டுவந்தது. அம்மண்ணில் வாழ்ந்த பற்றீரியம் ஒன்று சுரக்கும் பொருளுக்கு, தீவின் பெயராலேயே ராப்பமைசின் என்று பெயரிட்டனர். அது மதுவத்தின் வளர்ச்சியை நிறுத்திற்று. 1991 இற் சுவிற்சலாந்தின் பேசல் நகரில் ஹைட்மன், மொவ்வா, ஹோல் ஆகியோர், அம்மருந்து தாக்கும் இலக்கை மதுவத்திலேயே கண்டுபிடித்து, அதற்கு ‘ரோர்’ என்று பெயரிட்டனர். நைதரசன் உணவு போதியளவு உள்ளபோது ‘ரோர்’ விழித்திருந்து, புரத உற்பத்தியை முடுக்கிவிடுகின்றது. உணவு குறைந்தால் அது அடங்குகின்றது. கலம் தன் பழைய பகுதிகளையே உண்டு பிழைக்கத் தொடங்குகின்றது. இவ்வாறு தன்னையே உண்ணும் செயலை மதுவத்தில் ஆராய்ந்த யப்பானியர் ஓசுமிக்கு 2016 இல் நோபல் பரிசு கிடைத்தது. மனிதரிலும் ‘ரோர்’ உண்டு. சிறுநீரகம் மாற்றிப் பொருத்தப்பட்டோருக்கு ராப்பமைசின் மருந்தாகவும் பயன்பட்டு வருகின்றது. ஆனால், அம்மருந்தின் கதையைக் கூறுவோர் அத்தீவு மக்களை நினைப்பது அரிது.

பருமனைக் கலம் எவ்வாறு அளக்கின்றது என்பதற்கும் ஒரு விடை 2015 இல் முன்வைக்கப்பட்டது. மதுவத்தில் தொடக்கத்தைத் தடுக்கும் புரதமொன்று உண்டு. கலம் வளர வளர அப்புரதத்தின் மொத்த அளவு பெரிதும் கூடுவதில்லை. ஆதலால் அது ஐதாகின்றது. ஒரு குடம் நீரில் இட்ட உப்பு, நீர் கூடக் கூடக் கரிப்புக் குறைவதுபோல, தடுப்பின் வலு குறைந்து, கலம் தொடக்கத்தைத் தாண்டுகின்றது. வேறு ஆய்வாளர் இதனை மறுத்தும் எழுதியுள்ளனர், விவாதம் முடியவில்லை. இன்னொரு பக்கத்தில், 2005 இல் அமெரிக்காவின் டலஸ் நகரத்து ஆய்வாளர், அளவாக உணவூட்டப்பட்ட மதுவக் கூட்டம் ஏறத்தாழ நான்கைந்து மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒட்சிசனை மிகுதியாக உள்ளெடுத்தும் பின் குறைத்தும் ஒரே தாளத்தில் இயங்குவதையும், நிறமூர்த்தப் பொருள் பெருகும் வேலை ஒட்சிசன் குறைவாகப் பயன்படும் கட்டத்திலேயே நடைபெறுவதையும் காட்டினர். உண்பதும் வளர்வதும் பிரிவதும் தனித்தனி அலுவலகங்களல்ல. ஒன்று மற்றதற்குத் தடையும் தூண்டுதலுமாகும் உறவிலிருந்தே ஒழுங்கு பிறக்கின்றது. மேலிருந்து ஆணையிடும் அரசன் கலத்தினுள் இல்லை.

யாருக்கு உரியது?

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். உயிரினங்களின் போட்டியைக் காட்டி, வலியோர் வாழ்வதே இயற்கை நியதி என்று சுரண்டலுக்கு நியாயம் கற்பித்தவர்களை வரலாறு அறியும். அவர்களைப்போலவே நாமும் மதுவக்கலத்தைக் காட்டி மனித சமூகத்துக்குச் சட்டம் எழுத முற்படலாகாது. மனிதன் தன் நிலைமையை உணர்ந்து மாற்றவல்லவன், மதுவம் அத்தகையதன்று. மதுவத்திடம் நாம் கற்க வேண்டியது சமூக நீதியையன்று, உயிரின் செயல்முறையையே.

அந்தச் செயல்முறையின் பயனோ பெரிது. புற்றுத் திசுக்கள் ஒட்சிசன் இருக்கும்போதும் வெல்லத்தை நொதிக்கச் செய்கின்றன என்று 1920 களில் வார்பேர்க் கண்டார். வெல்லம் மிகுந்த இடத்தில் மதுவமும் அவ்வாறே நடந்துகொள்கின்றது. பிரிவை உந்தும் புரதங்களின் குடும்பத்தைத் தடுக்கும் மருந்து ஒன்று 2015 இல் மார்பகப் புற்றுநோய்க்கென அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மதுவத்தின் விகாரிகளை எண்ணிக்கொண்டிருந்தோர் அன்று எதிர்பாராத பயன் இது. ஆனால், வறிய நாடுகளின் நோயாளர் பலருக்கு இத்தகைய மருந்துகளின் விலை எட்டாத உயரத்தில் நிற்கின்றது.

1996 இல் மதுவத்தின் பரம்பரைப் பொருள் முழுவதும் வாசிக்கப்பட்டது. 16 நிறமூர்த்தங்கள், ஏறத்தாழ 1 கோடி 20 இலட்சம் எழுத்துகள், ஏறத்தாழ 6000 பரம்பரையலகுகள். கருவுடைய கலங்களையுடைய உயிர்களுள் முதன்முதல் முழுமையாக வாசிக்கப்பட்டது இதுவே. பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 600 பேர் வேலையைப் பங்கிட்டுச் செய்து, முடிவை எல்லோருக்கும் திறந்துவைத்தனர். 1883 இல் ஒரு வடிசாலையின் மதுவம் விலையின்றிப் பரவியதும், 1996 இல் அதன் எழுத்துகள் விலையின்றிப் பரவியதும் ஒரே மரபைச் சேர்ந்தவை. அம்மரபு இல்லையேல், சியாட்டிலின் மதுவமும் எடின்பரோவின் மதுவமும் ஒன்றையொன்று சந்தித்திருக்க மாட்டா.

எகிப்தியத் தொழிலாளியும், ஆபிரிக்கத் தினை மது வடித்தவளும், வடிசாலைக் கூலியாளும், பனையேறியும் பேணி வளர்த்த உயிர் இது. வர்ணம் பூசியவரும், பரீட்சையிற் தவறியவரும் அதன் இரகசியத்தைத் திறந்தனர். இத்தனை பேரின் உழைப்பினால் விளைந்த அறிவு ஒரு சிலரின் பெட்டகத்திற் பூட்டப்படுமாயின், அது வரலாற்றுக்கு இழைக்கும் அநீதியாகும். பலர் கூடி ஆக்கிய அறிவின் கனி பலருக்கும் கிட்ட வேண்டும். அதற்கான வழி ஆய்வுகூடத்தில் மட்டும் திறக்கப்படுவதன்று. மக்கள் மன்றத்திலும் திறக்கப்பட வேண்டியதாகும்.